படகு வரும் வரை பிள்ளையின் குடல் காத்திருக்காது

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களின் கிராமத் தலைவர்கள், மீனவர் சங்கத்தார், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவையினர் அனைவருக்கும்,

வணக்கம். நம் பச்சைப் பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறு பற்றி எழுதுகிறேன். இதைச் சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். துறைக்கு எழுத வேண்டியவை தனியாக இருக்கின்றன. ஆனால் நம் கடற்கரையில் ஒரு பிள்ளையை எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதை வீடுதான் முடிவு செய்கிறது. வீடு தயங்கினால் ஊரைப் பார்க்கிறது. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்டிப் பக்கத்திலும் மண்டபம் பக்கத்திலும் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் வீடு வீடாக நான் கேட்ட பதில் ஒன்றுதான்: "அவர் வரட்டும்." விசைப்படகில் போன கணவர் மறுநாள் காலைதான் கரை திரும்புவார், அதுவரை மாமியார் கைவைத்தியம் பார்ப்பார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கணவர் சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருப்பார். அங்கிருந்து போன் வரும் வரை பிள்ளை தொட்டிலில் கிடக்கும். பாசி எடுக்கக் கடலில் இறங்கிய தாய் கரையேறும் வரை பாட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் பணம் இருக்காது. இரவில் வண்டி கிடைக்காது. தனியாகப் போனால் ஊர் பேசும் என்ற பயமும் உண்டு. இந்தக் காரணங்களில் எதையும் நான் சிறுமையாக நினைக்கவில்லை. ஆனாலும் குழந்தையின் குடலுக்கு வரும் சில கோளாறுகளில் ஒரு இரவு என்பது மிக நீண்ட காலம்.

குடல் செருகல் என்று ஒரு நோய் உண்டு. சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துவிட்டது போல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரும். ஐந்து மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அதிகம் வரும். தாய்ப்பாலோடு கஞ்சியும் கூழும் கொடுக்கத் தொடங்கும் பருவம் அது. அதனாலேயே கொடுத்த உணவு சேரவில்லை என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு அழும். கால்களை வயிற்றோடு மடக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பதினைந்து, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் வீறிடும். இடையில் துவண்டு கிடக்கும். வாந்தி எடுக்கும். பிறகு இரத்தமும் சளியும் கலந்து அடர்சிவப்பில் கொழகொழவென்று மலம் போகும். அந்த மலத்தைத் துணியில் பார்க்கும்போது பெரும்பாலும் பல மணி நேரம் கடந்திருக்கும்.

இந்த நோயில் நேரம் என்ன செய்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். வயிற்றை ஸ்கேன் செய்தால் செருகல் தெரிந்துவிடும். சீக்கிரம் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியதே இல்லை. ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, மாட்டிய குடலை வெளியே தள்ளிவிடுகிறார்கள். தாமதமாகிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். அப்போது அறுவை செய்து அழுகிய பகுதியை எடுத்தாக வேண்டும். குடலில் ஓட்டை விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நான் பார்த்த ஏழு மாதக் குழந்தை ஒன்று மாலையில் இப்படித்தான் வீறிட்டது. தொக்கம், அதாவது தின்றது உள்ளே சிக்கிக்கொண்டது என்றார்கள்; ஒரு மூதாட்டி வந்து தொக்கம் எடுத்தார். இரவில் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவினார்கள். நீவும்போது அழுகை அடங்கியது. விட்டு விட்டு அடங்குவது அந்த நோயின் இயல்பு, நீவியதால் அடங்கவில்லை. ஆனால் வீடு நிம்மதியடைந்தது. விடியற்காலையில் துணியில் இரத்தம். தகப்பன் கரையேறியபின்தான் வண்டி பிடித்தார்கள். மதுரையில் அறுவை செய்து குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. பிறகு ஒருநாள் அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "இரவே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை."

இதைவிடவும் அவசரமான ஒன்று இருக்கிறது. பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பால் கக்குவது வேறு; பச்சையாக வருவது பித்தநீர். முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் செத்துவிடும். பச்சை வாந்தியைப் பார்த்தால் காலை வரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். அங்கே பார்த்துவிட்டுக் குழந்தைகளுக்கான அறுவைக்காக மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால் மேலும் 115 கிலோமீட்டர் அளவு போக வேண்டும். இந்தத் தூரத்தை நீங்களோ நானோ குறைக்க முடியாது. புறப்படும் நேரத்தை முன்னால் கொண்டுவர முடியும்.

கடலில் படகு பழுதாகி நின்றுவிட்டால் ஊரே எழுந்து இன்னொரு படகை அனுப்புகிறீர்கள். நம் ஆட்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் இரவோடு இரவாகப் பணம் திரட்டிப் பேச ஆள் அனுப்புகிறீர்கள். அந்த வேகத்தையும் அந்தப் பொதுப்பணத்தையும் பச்சைப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: குழந்தைக்கு இன்ன அடையாளம் தெரிந்தால் தாயோ பாட்டியோ யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம், ஊர் துணை நிற்கும். 108க்கு அழைத்தபின் வண்டி வரத் தாமதமாகும் இடங்களில் மீன் ஏற்றும் வண்டியானாலும் ஆட்டோவானாலும் இரவில் யார் எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கி, அதை ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுங்கள். நள்ளிரவில் ஒரு தாய் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குவாள்; பக்கத்து வீட்டு அக்காவின் கதவைத் தட்டுவாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஞாயிறு பூசைக்குப் பின்னும் இந்த அடையாளங்களைச் சொல்லலாம். குழந்தை மரணத்தை அறிவிக்கும் ஒலிபெருக்கி அதைத் தடுக்கும் செய்தியையும் சொல்லட்டும்.

அடுத்து, தொக்கம் எடுப்பவர்கள், பிள்ளைக்குச் சுளுக்கு விழுந்தது என்று உரம் தட்டுபவர்கள் பற்றி. அவர்களை விரட்டுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நள்ளிரவில் கூப்பிட்டால் வருகிறவர்கள் அவர்கள்தான்; நம் பிள்ளைகள் மீது பாசம் உள்ளவர்கள். ஊர் முழுக்க முதலில் குழந்தையைப் பார்க்கும் கை அவர்களுடைய கை. அதனாலேயே அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள். விட்டு விட்டு வீறிடும் அழுகை, பச்சை வாந்தி, இரத்த மலம், உப்பித் தட்டினால் கல்லாக இருக்கும் வயிறு ஆகியவற்றைக் கண்டால் வயிற்றில் கை வைக்காமல் "உடனே போங்கள்" என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். செருகிய குடலை அழுத்தி நீவினால் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு செவிலியர் சொல்வதைவிட அந்த மூதாட்டி சொன்னால் வீடு கேட்கும்.

வெற்றிலைக் காம்பு பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்கிறார்கள். முதலில், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பத்து முறையும் போகலாம், ஒரு வாரம் போகாமலும் இருக்கலாம். மலம் இளகி இருந்து, குழந்தை நன்றாகக் குடித்து எடை ஏறினால் அதற்கு வைத்தியமே வேண்டாம். விளக்கெண்ணெய் புகட்டவும் வேண்டாம். ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிறமான முதல் மலம் போகாத குழந்தை வேறு. ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்று, குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகள் இல்லாமல் பிறக்கிறது. டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ப்ருங் 1886இல் விவரித்த நோய் இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. நரம்பில்லாத அந்தத் துண்டு விரிந்து கொடுக்காது. அதற்கு மேலே மலம் தேங்கி வயிறு உப்பும். இந்தக் குழந்தைக்குக் காம்பை வைத்தால் மலமும் காற்றும் பீய்ச்சியடித்து வெளியேறும், வயிறு வற்றும். வைத்தியம் பலித்தது என்று வீடு நம்பும். வாரம் தோறும் காம்பு வைத்தே மாதங்கள் ஓடும். பிறகு ஒரு நாள் காய்ச்சலும், உப்பிய வயிறும், கடும் நாற்றமுள்ள பேதியுமாகக் குடல் அழற்சி வரும். அதுதான் இந்த நோயில் உயிரைப் பறிப்பது. ஆசனவாய்க்குள்ளிருந்து ஒரு சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால் நோய் உறுதியாகும். நரம்பில்லாத பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவை 1940களிலிருந்தே இருக்கிறது. அறுவை முடிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாடி வளர்கிறார்கள். காம்பு வைத்தால்தான் போகிறது என்ற நிலை ஒரு குழந்தைக்கு இருந்தால், அந்த ஒன்றே மருத்துவரிடம் காட்டப் போதுமான காரணம்.

சேனை தொடுவதாகச் சொல்லிப் பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயது வரை தேன் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அரிதாகத்தான் வரும், ஆனால் மலச்சிக்கலில் தொடங்கி உடல் தளர்ந்து மூச்சு வரை போகும்.

வயிற்றுப்போக்கைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் தெரியாத வீடு இப்போது குறைவு. ஆனால் நம் கடற்கரையில் அதைக் கரைக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல ஊர்களில் குழாயிலும் கிணற்றிலும் வருவது உவர் நீர். அந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்பு மிகச் சரியான அளவில் இருக்கிறது. உவர் நீரில் கரைத்தால் உப்பு கூடிவிடும், அது குழந்தைக்குத் தீங்கு. விலைக்கு வாங்கும் குடிநீர், காவிரிக் கூட்டுக் குடிநீர், நல்ல ஊற்று நீர் ஆகியவற்றில் ஒன்றைக் காய்ச்சி ஆறவைத்துக் கரையுங்கள். 20.5 கிராம் உள்ள பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. சுமார் 4 கிராம் உள்ள சிறிய பொட்டலம் 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதை நான் பல வீடுகளில் தடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை போனபின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் மெதுவாகத் தொடங்குங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. அதோடு துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை அதில் பாதி. பேதி இரண்டு நாளில் நின்றாலும் 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்து வரும் மாதங்களில் மறுபடி வருவது குறையும்.

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தோடு இனிப்புப் பானங்கள் விற்றுவந்தார்கள். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பழைய பழக்கத்தில் அவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருப்பார்கள். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரையைப் பொடித்துப் பிள்ளைக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. குடலின் அசைவே நின்றுபோகலாம். உங்கள் ஊர் மருந்துக்கடைக்காரரிடமும் மளிகைக்கடைக்காரரிடமும் இதைப் பேசுங்கள். உச்சிக்குழி பள்ளமாகி, கண் குழிவிழுந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கு வீட்டு வைத்தியம் போதாது. கரைசலை ஊட்டிக்கொண்டே புறப்பட வேண்டும். மலத்தில் இரத்தம் கலந்த சீதபேதிக்கும் மருத்துவர்தான் மருந்து தர வேண்டும்.

இதெல்லாம் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை என்று யாராவது சொன்னால் 1971ஐ நினைத்துப் பாருங்கள். வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்ற வேண்டிய திரவம் தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் செய்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அங்கே ஊட்டியவர்கள் தாய்மாரும் அண்ணன் தம்பிகளும்தான். நம் ஊரிலும் பள்ளிவாசல், கோவில், மாதா கோவில், ஐஸ் கம்பெனி என்று ஏதாவது ஓரிடத்தில் பொட்டலங்களும் துத்தநாக மாத்திரையும் எப்போதும் இருக்கும்படி செய்யலாம். அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் கொடுக்கும், ரோட்டா வைரஸ் பேதியைத் தடுக்கும் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் இலவசம். அதைத் தவறவிட்ட வீடுகளை உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

கடைசியாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது முழுக்க நம்மால் தவிர்க்கக்கூடியது.

தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தாய் கொண்டுவரும் நீர் வீட்டில் சமையலுக்கே போதவில்லை. பள்ளியில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, அல்லது பூட்டியிருக்கிறது, அல்லது தொட்டி வறண்டிருக்கிறது. பிள்ளை அடக்குகிறது, பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இறுகிப் பெரிதான மலம் போகும்போது கிழித்து வலிக்கிறது. வலிக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்குகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்த உணர்வே மங்கிவிடும். கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிந்து உள்ளாடையை நனைக்கும். பேதி என்று நினைத்து அதற்கு மருந்து கொடுக்கிறார்கள், நிலைமை மோசமாகிறது. சோம்பேறித்தனம் என்று அடிக்கிறார்கள். வகுப்பில் பட்டப்பெயர் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கசிவது தெரியவே தெரியாது. சிறுநீர்த் தொற்றும் படுக்கையில் சிறுநீர் போவதும்கூட இதோடு சேர்ந்து வரும்.

இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. தேங்கிய கட்டியை முதலில் வெளியேற்றிவிட்டு, மலத்தை இளக்கும் பாலிஎதிலீன் கிளைக்கால் தூளையோ லாக்டுலோஸ் மருந்தையோ மருத்துவர் சொன்ன அளவில் பல மாதம் தொடர வேண்டும். மருந்து பழக்கமாகிவிடும் என்று பயந்து ஒரு வாரத்தில் நிறுத்தினால் சிக்கல் திரும்பிவிடும். பனங்கிழங்கு, முருங்கைக்கீரை, கொய்யா, பப்பாளி நம் மண்ணில் கிடைக்கின்றன. பாலும் பிஸ்கட்டும் மட்டுமே தின்று வளரும் பிள்ளைக்கு இவை பழக வேண்டும். சாப்பிட்டபின் பெருங்குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் அவசரமில்லாமல் ஐந்து, பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கொடுக்கிறார்கள். அது மிக நல்ல திட்டம். ஆனால் பிள்ளைகள் காலையில் பள்ளியில் சாப்பிடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு வயிறு அசையும் நேரமும் பள்ளியில்தான். உப்புமாவும் சாம்பாரும் தந்துவிட்டுக் கழிப்பறையைப் பூட்டி வைத்தால், அந்தப் பிள்ளைக்கு நாமே மலச்சிக்கலைப் பழக்குகிறோம். முதல் மணி அடிக்கும் முன்னும் உணவுக்குப் பின்னும் கழிப்பறை திறந்திருக்க வேண்டும், தொட்டியில் நீர் இருக்க வேண்டும், பாடம் நடக்கும்போது கேட்டாலும் ஆசிரியர் அனுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் ஊர்ப் பெற்றோர் இருக்கிறார்கள். ஊருக்கு வரும் தண்ணீர் லாரியில் பள்ளித் தொட்டிக்கு முதல் பங்கு என்று நீங்கள் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டு பேச நேரம் இருக்கும். அந்த நாட்களில் ஒரு கூட்டம் போடுங்கள்; தாய்மாரையும் தொக்கம் எடுக்கும் மூதாட்டிகளையும் அழையுங்கள். என்னை அழைத்தால் வந்து பொட்டலத்தைக் கரைத்துக் காட்டுகிறேன், அடையாளங்களைச் சொல்கிறேன். உங்கள் ஊர்ச் செவிலியரை அழைத்தால் அவரும் வருவார். இரவு வண்டி யாருடையது, பணம் யார் கையில் என்பதை அன்றே முடிவு செய்து பெயர்களைச் சுவரில் எழுதிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் தண்ணீர்த் தொட்டியையும் சரிசெய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்